வேலை பேன்ட் எத்தனை நாள் உழைக்க வேண்டும்?

கேள்வி இதுதான். தரையில் டைல்ஸ் பதிக்கும் வேலை, வாரத்தில் ஆறு நாள். வேலைக்கென்று ஒரே சமயத்தில் மூன்று பேன்ட் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். எட்டாவது மாதத்தில் ஒன்று முட்டியில் கிழிந்துவிட்டது. மற்ற இரண்டும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. கடைக்காரர் இரண்டு மடங்கு விலையில் இன்னொன்றைக் காட்டி, "இது மூன்று வருஷம் உழைக்கும்" என்கிறார். அதை நம்பலாமா, ஒரு வேலை பேன்ட் நியாயமாக எத்தனை நாள் வரவேண்டும் என்று கேட்கிறீர்கள்.

வேலைத் துணிகளைத் தைப்பதும், கிழிந்து வருவதற்கு ஒட்டுப் போடுவதுமாக இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். நடுவில் சில வருஷம் ஒரு தொழிற்கூடத்தின் ஸ்டோரில் ஆட்களுக்குச் சீருடை எடுத்துக் கொடுக்கும் வேலையும் பார்த்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் கணக்கைச் சரி செய்வோம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் எட்டு மாதத்துக்கு 208 நாள். மூன்று பேன்ட் மாறி மாறி வந்ததால் ஒவ்வொன்றும் உங்கள் உடம்பில் இருந்தது ஏறக்குறைய 70 நாள். உங்கள் பேன்ட்டின் வயசு எட்டு மாதமென்றாலும் உழைப்பு 70 நாள்தான். கடைக்காரர் சொல்லும் மூன்று வருஷத்தையும் இதே தராசில் வையுங்கள். 36 மாதம், 936 வேலை நாள், மூன்றால் வகுத்தால் 312 நாள். அதாவது இப்போதைய பேன்ட்டைப் போல நாலரை மடங்கு உழைக்கும் என்கிறார். விலையோ இரண்டு மடங்கு. உண்மையாக இருந்தால் அள்ளிக்கொண்டு வரலாம். 140 நாள் வந்தாலே போட்ட காசு சரியாகிவிடும்.

"என் பேன்ட் அஞ்சு வருஷமா ஓடுது" என்று யாராவது பெருமை பேசினால் இரண்டு கேள்வி கேளுங்கள். வீட்டில் இன்னும் எத்தனை பேன்ட் இருக்கிறது? நாள் முழுக்க என்ன வேலை? பத்து பேன்ட் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்ப்பவரின் அஞ்சு வருஷமும், ஒற்றைப் பேன்ட்டோடு தரையில் தவழ்பவரின் அஞ்சு மாதமும் துணிக்கு ஒன்றுதான். மாற்றிப் போடுவதால் பேன்ட்டின் ஆயுள் கூடுகிறது என்றும் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் ஆயுள் கூடுவதில்லை, பங்கு போட்டுக்கொள்ளப்படுகிறது, அவ்வளவுதான். அழுக்கோடு மறுநாளும் மாட்டிக்கொண்டு போகவேண்டிய அவசியம் இல்லை என்பது மட்டும் நிஜமான லாபம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முட்டிக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் டைல்ஸ் வேலைக்கு 70 நாள் வந்திருந்தால் அது மோசமான பேன்ட் இல்லை. அதே பேன்ட்டை அதே வாரத்தில் வாங்கிய ஒரு ஸ்டோர்க்காரர் 300 நாளைத் தாண்டியும் போட்டிருப்பார். "ஒரு பேன்ட் எத்தனை நாள்" என்பதற்குப் பொதுவான பதிலே கிடையாது என்று நான் சொல்வது நழுவுவதற்காக இல்லை. பேன்ட் உடம்பு முழுக்க ஒரே சீராக வயசாவதில்லை. ஏதோ ஒரு உள்ளங்கை அகலத்தில்தான் சாகும். மிச்சத் துணி அன்றைக்குக் கடையிலிருந்து வந்ததுபோல இருக்கும்.

ஒட்டுப் போட வரும் பேன்ட்டை மேசையில் விரித்தால் ஆள் என்ன வேலை செய்கிறார் என்று பேர் கேட்காமலே சொல்லிவிடலாம். தரை வேலைக்காரருக்கு முட்டி. தச்சருக்குத் தொடையின் முன்பக்கம், பட்டறை மேசையின் விளிம்பு படும் உயரத்தில் குறுக்காக ஒரு வெளுத்த கோடு. எலக்ட்ரீஷியனுக்குப் பின் பாக்கெட்டின் அடியில் ஸ்க்ரூ டிரைவர் குத்திய ஓட்டை. டேப்பைப் பாக்கெட் ஓரத்தில் மாட்டும் பழக்கம் இருந்தால் அந்த ஓரம் மட்டும் பூனை பிறாண்டியதுபோல் இருக்கும். வண்டி ஓட்டுபவருக்கு உட்காரும் இடம். நிறைய நடப்பவருக்கு உள்தொடை. மெக்கானிக் பேன்ட்டில் தொடையில் சின்னச் சின்ன ஊசித் துளைகள், அவர் பேட்டரி தூக்கியது. உயரத்துக்கு மீறிய நீளம் போட்டவருக்குக் குதிகால் பக்கம் கீழ் மடிப்பு. அங்கே துணி தேய்வதற்குமுன் தையல்தான் முதலில் போகும், பிறகு மடிப்பு தொங்கி, மிதிபட்டு, கிழியும்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கடையில் நின்று குழம்ப வேண்டியதில்லை. உங்கள் பேன்ட் எங்கே சாகிறதோ அந்த இடத்தை மட்டும் பார்த்து வாங்கினால் போதும். வேலை பேன்ட்டின் சரித்திரமே அப்படித்தான் தொடங்கியது. அமெரிக்காவின் நெவாடாவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையற்காரர். மரம் வெட்டுபவர் ஒருவரின் மனைவி வந்து, கணவருக்குக் கிழியாத பேன்ட் வேண்டும் என்று கேட்டார். டேவிஸ் இன்னும் தடித்த துணியைத் தேடிப் போகவில்லை. பாக்கெட்டின் முனைகள்தான் எப்போதும் முதலில் கிழிகின்றன என்பதால் அந்த முனைகளில் செம்பு ரிவெட் அடித்துக் கொடுத்தார். அது பரவியது. காப்புரிமைக்குச் செலவழிக்கக் கையில் பணமில்லாததால் தனக்குத் துணி தந்துகொண்டிருந்த லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்தார். 1873 மே 20-ஆம் தேதி 139,121 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. பின் பாக்கெட் ரிவெட்டுகள் குதிரைச் சேணத்தையும் நாற்காலியையும் கீறுகின்றன என்று புகார் வந்து, 1937-இல் அவற்றைத் துணிக்குள் மறைத்தார்கள். 1960-களில் அதையும் எடுத்துவிட்டு நெருக்கமான நூல் கட்டுத் தையல் போட்டார்கள். அதைத்தான் இன்றைக்கு பார்டாக் என்கிறோம். நல்ல பார்டாக் ரிவெட்டுக்குக் குறைந்ததில்லை.

சரி, துணி எப்படிச் சாகிறது? தேய்ந்து சாகலாம், மாட்டிக் கிழிந்து சாகலாம், துணி நன்றாக இருக்கும்போதே தையல் விட்டுச் சாகலாம், ரசாயனம் பட்டு இற்றும் சாகலாம். நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது என்பதும் உண்டு.

உங்களுடையது தேய்மானம். மண்டியிடும்போது முட்டியில் துணி இழுபட்டு விறைக்கும். பின்னால் எலும்பு, முன்னால் சிமென்ட் தரை, நடுவில் மணல் பருக்கை. நகர்ந்து நகர்ந்து வேலை செய்கிறீர்கள். உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பது இதைவிடப் பெரிய கொடுமை இல்லை. இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து தூசியாகப் போகும். நூல் மெலியும். நெசவில் மேலே துருத்தி நிற்கும் நூல் முதலில் போகும், பிறகு அதற்குக் குறுக்கே ஓடும் நூல் தனியாகத் தாங்கும். வெள்ளை நூல் மட்டும் சல்லடை மாதிரி தெரியுமே, அந்தக் கட்டம். அதன்பிறகு ஒருமுறை குந்தி எழுந்தால் போதும்.

தேய்மானத்துக்கு முதல் கேள்வி துணியின் எடை. வெளிநாட்டு பிராண்டுகள் சதுர கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று போடுவார்கள். அந்த அவுன்ஸ் எண்ணை 34-ஆல் பெருக்கினால் நாம் சொல்லும் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது கிடைக்கும். டிக்கீஸ் என்ற அமெரிக்க வேலை உடுப்பு பிராண்டின் 874 என்ற பழைய மாடல் எட்டரை அவுன்ஸ், அதாவது 290 ஜிஎஸ்எம் அளவு, 65 பங்கு பாலியெஸ்டர், 35 பங்கு பருத்தி. கார்ஹார்ட் என்ற இன்னொரு பிராண்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த டக் துணி 12 அவுன்ஸ் பருத்தி, 400 ஜிஎஸ்எம்மைத் தொடும். கித்தானுக்கு நெருங்கிய உறவு அது. முட்டி இடத்தில் அதையே இரட்டைத் துணியாக வைத்துத் தைத்த மாடலும் உண்டு. இந்த இரட்டை முட்டி நல்ல யோசனைதான், ஆனால் அடிப்பக்கம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நாலு பக்கமும் மூடித் தைத்திருந்தால் இரண்டு துணிக்கும் நடுவில் மணல் போய்த் தங்கி, உள்ளேயிருந்து அரைக்க ஆரம்பித்துவிடும்.

எடை மட்டும் பார்த்து வாங்குவதும் தப்பு. தடித்த விறைப்பான துணி ஒரே இடத்தில் மடிந்து மடிந்து, அந்த மடிப்பு வரியிலேயே வெளுத்து அறும். முட்டிக்குப் பின்னாலும், பாக்கெட்டின் மடித்த ஓரத்திலும் இதைப் பார்க்கலாம். அடுத்தது நார். பருத்தியைவிட பாலியெஸ்டர் தேய்மானம் தாங்கும், அதையும்விட நைலான் தாங்கும். அதனால்தான் முட்டியில் மட்டும் கார்டுரா என்ற முரட்டு நைலான் ஒட்டு வைத்த பேன்ட்டுகள் வருகின்றன. உங்கள் வேலைக்கு அந்த வகை பொருந்தும். பட்டுப்போல் மெதுவாக, ஏற்கெனவே துவைத்துப் பதப்படுத்தியதாக விற்கும் துணி உங்களுக்கு வேண்டாம். கல்லோடு போட்டு உருட்டியோ, நொதி விட்டு இழையை அரித்தோதான் அந்த மெதுமை வருகிறது. முதல் ஒரு மாத உழைப்பைத் தொழிற்சாலையே செலவழித்துவிட்டு உங்களிடம் விற்கிறது.

சிலர் அட்டையில் "மார்ட்டின்டேல் 50,000" என்று அச்சடித்திருப்பார்கள். அது பொய்யில்லை. வட்டமாக வெட்டிய துணித் துண்டை அழுத்தம் கொடுத்துத் தேய்த்து, இரண்டு நூல் அறும்வரை எத்தனை சுற்று என்று எண்ணும் சோதனை அது. சாதாரண உடுப்புக்கு 9 கிலோபாஸ்கல் அழுத்தம், வேலைத் துணிக்கு 12. ஆனால் தேய்ப்பது எதன்மேல் என்று கேளுங்கள். கம்பளித் துணியின்மேல்! இரண்டு துணியை ஒப்பிட அது உதவும். உங்கள் சிமென்ட் தரையில் எத்தனை நாள் என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

கிழிவது வேறு கதை. ஆணியிலோ தகரத்திலோ மாட்டினால் கிழியுமா என்பதைத் தடிமன் மட்டும் தீர்மானிப்பதில்லை. நெருக்கமாகச் சாதா நெசவு நெய்த துணியில் ஒவ்வொரு நூலும் தன் இடத்தில் இறுகி நிற்கும். மாட்டினால் ஒற்றை நூல் தனியாக இழுவிசையை வாங்கி அறும், அடுத்தது அறும், சர்ரென்று போய்விடும். ட்வில் நெசவில், டெனிம் மாதிரி சாய்ந்த வரி ஓடும் துணியில், நூல்கள் கொஞ்சம் நகர்ந்து கும்பலாகச் சேர்ந்து தாங்கும். ரிப்ஸ்டாப்பில் கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடுவதால் கிழிசல் அடுத்த கட்டத்தில் தட்டி நிற்கும். கம்பி, தகரம், முள் இவற்றுக்கிடையே வேலை செய்பவர் மெல்லிய ரிப்ஸ்டாப்பைத் தைரியமாக எடுக்கலாம். உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன்.

தையலுக்கு வருவோம். என் தொழில் என்பதால் சொல்கிறேன், துணியைத் தடவிப் பார்க்கும் நேரத்தில் பாதியைப் பேன்ட்டை உள்வெளியாகத் திருப்பிப் பார்க்கச் செலவழியுங்கள். நல்ல வேலை பேன்ட்டில் இரண்டு துணியின் விளிம்பும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து பூட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் இரண்டு அல்லது மூன்று வரித் தையல் ஓடும். உள்ளே பிசிறே தெரியாது. மலிவான பேன்ட்டில் ஒரு வரித் தையலும் ஓரத்தில் ஓவர்லாக்கும்தான். இரண்டு கால் தையலும், முன் பின் தையலும் சந்திக்கும் கவட்டை முடிச்சைப் பாருங்கள். அங்கே தையல் பிசகாமல் வந்திருந்தால் தைத்தவருக்குக் கை வந்திருக்கிறது. பெல்ட் லூப் இடுப்புப் பட்டியின் மேலே சும்மா ஒட்டினாற்போல் தைத்திருக்கிறதா, பட்டிக்குள் போய் மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பாக்கெட் பையின் உள்துணி கொசுவலை மாதிரி இருந்தால் திருகாணி போடுகிற முதல் வாரத்திலேயே ஓட்டை விழும்.

பூட்டு மடிப்புத் தையலில் பெரும்பாலும் சங்கிலித் தையல்தான் போடுவார்கள். கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அதனால் குந்தும்போது அறாது. ஆனால் ஓரிடத்தில் நூல் அறுந்து, முனையைச் சரியான திசையில் இழுத்தால் வரிசையாகப் பிரிந்து வரும். நூல் நீண்டிருப்பதைக் கண்டால் இழுக்காதீர்கள். வெட்டிவிட்டு, பிரிந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் தாண்டிச் சாதாத் தையல் போடுங்கள். அஞ்சு நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் விட்டு, முழுக்காலும் திறந்து கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கவட்டையில் கிழிந்தால் ஜனங்கள் துணியைத் திட்டுவார்கள். பத்தில் எட்டுக்கு அளவுதான் காரணம். இடுப்பு சரியாக இருக்கிறது என்று வாங்கிவிடுவார்கள், தொடை இறுக்கமாக இருக்கும். குந்தும்போது உடம்பின் பின்பக்கம் நீளும். அந்த நீளத்தைத் துணி எங்கிருந்தாவது தரவேண்டும். தராவிட்டால் இழுவிசை முழுவதும் கவட்டை முடிச்சில் போய் விழும். வைர வடிவத்தில் தனித் துண்டு வைத்துத் தைத்த பேன்ட்டில் நாலு தையலும் ஒரே புள்ளியில் சந்திக்காது, இழுவிசை பரவிவிடும். கடையிலேயே பாக்கெட்டில் போனும் சாவியும் இருக்கும்போது முழுக்கக் குந்திப் பாருங்கள், ஒரு முட்டியில் மண்டியிட்டும் பாருங்கள். வெட்கப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். இரண்டு சதவீதம் ஸ்பான்டெக்ஸ் சேர்ந்த துணி இந்த இடத்தில் உதவும். ஆனால் அது குளோரின் பிளீச்சையும் டிரையர் சூட்டையும் தாங்காது, நாளடைவில் தளர்ந்து முட்டி தொளதொளவென்று தொங்கும்.

ரசாயனத்தால் இற்றுப்போவதுதான் எல்லாவற்றிலும் சூழ்ச்சியானது, ஏனென்றால் நடந்தபோது தெரியாது. பேட்டரியில் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். ஒரு துளி தெறித்தால் ஈரம் காய்ந்துவிடும், அமிலம் காயாது. தண்ணீர் போகப்போக அது இன்னும் செறிவாகிப் பருத்தியின் இழையை அறுத்துக்கொண்டே இருக்கும். பேன்ட் முழுசாகத் தெரியும். துவைத்துப் பிழிந்தால் துளை துளையாக இருக்கும். வாஷிங் மெஷின்மேல் பழியைப் போடுவார்கள். தெறித்த உடனே நிறையத் தண்ணீர் விட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் நனைத்தால் பிழைக்கும். சிமென்ட் நேர்மாறு. அது காரம். பருத்தி காரத்தைத் தாங்கும், உங்கள் தோல்தான் தாங்காது. ஈரச் சிமென்ட் ஊறிய முட்டியோடு மணிக்கணக்கில் இருந்தால் தோல் வெந்துவிடும். பேன்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கறுப்புப் பருத்திப் பேன்ட் பலவும் கந்தகச் சாயத்தில் தோய்த்தவை. சூடும் ஈரமுமான இடத்தில் மாதக்கணக்கில் மடித்து வைத்தால் சாயத்திலிருந்து மெதுவாக அமிலம் உண்டாகித் துணி தானாகவே இற்றும். "வாங்கி வெச்சதுதான், போடவே இல்ல, கையில புடிச்சா கிழியுது" என்று வந்த பேன்ட்டுகள் எல்லாம் கறுப்பாகவே இருந்ததன் ரகசியம் அதுதான். நெருப்புப் பொறி பறக்கும் வேலைக்குப் பாலியெஸ்டர், நைலான் கலந்ததே வேண்டாம். 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் வாக்கில் இரண்டும் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி கருகும், உருகாது.

துவைப்பதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. அடிக்கடி துவைத்தால் துணி போய்விடும் என்பது ஒன்று. அது பாதி உண்மை. டிரையரின் வடிகட்டியில் பஞ்சுபோல் சேர்வது உங்கள் பேன்ட்டேதான். ஆனால் துவைக்காமல் போட்டால் நெசவுக்குள் புகுந்த மணல் ஒவ்வொரு அசைவிலும் நூலை அறுக்கும். தூசி வேலை செய்பவருக்கு இரண்டாவது நஷ்டம்தான் பெரிசு. நாள் முடிந்ததும் வெளியே நின்று பேன்ட்டை நன்றாக உதறுங்கள், முட்டியை பிரஷ்ஷால் தட்டுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். மூன்று பேன்ட் இருப்பதன் பலன் இதுதான், அழுக்கான ஒன்றை மறுநாள் போட வேண்டியதில்லை. ஜிப்பைப் பூட்டி, உள்வெளியாகத் திருப்பி, குளிர்ந்த நீரிலோ வெதுவெதுப்பான நீரிலோ, மெஷினைத் திணிக்காமல் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். குளோரின் பிளீச்சைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். கறை போகும், கூடவே பருத்தியின் பலமும் போகும். கல்லில் அடித்துத் துவைக்கும் கைக்கு முட்டிப் பகுதியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஜிப்பைப் பற்றி ஒரு வரி. பல் தேய்வதற்குமுன் ஓடும் தலைதான் வாய் பிளக்கும். குறடால் மெல்ல அழுத்தினால் சில வாரம் ஓடும், பிறகு தலையை மட்டும் மாற்றலாம்.

கிழியாமலே ஆயுள் முடியும் பேன்ட்டுகளும் உண்டு. இதில் சிக்கனம் கூடாது. ஒளிரும் பட்டை வைத்த பேன்ட்டில் இஎன் ஐஎஸ்ஓ 20471 என்ற தரக் குறியோடு, அதிகபட்சம் எத்தனை முறை துவைக்கலாம் என்றும் அட்டையில் இருக்கும். அந்தக் கணக்கு முடிந்தாலோ, நிறம் மங்கினாலோ, அது வெறும் பேன்ட். மரம் அறுக்கும் செயின் ரம்பத்துக்கான பேன்ட்டின் உள்ளே நீள நீளமான நார் அடுக்கு இருக்கிறது. ரம்பம் பட்டதும் அது உருவிக்கொண்டு போய்ச் சங்கிலியில் சிக்கி நிறுத்தும். ஒருமுறை ரம்பம் பட்ட பேன்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. அந்த நார் அடுக்கின் ஊடே ஊசி போகும்படி ஒட்டுத் தைக்கவும் கூடாது, தைத்தால் நார் உருவி வராது. என்னிடம் அப்படி ஒன்று வந்தபோது தைக்க மறுத்து அனுப்பினேன், கோபித்துக்கொண்டுதான் போனார். தீ தாங்கும் பேன்ட்டுக்கு ஒட்டுத் துணியும் நூலும் அதே தீ தாங்கும் வகையாக இருக்க வேண்டும். பிளீச், மென்மையாக்கும் திரவம் இரண்டும் ஆகாது. எண்ணெய்க் கறை துவைத்தும் போகாவிட்டால் அது எரிபொருள் ஊறிய துணி என்று நினைத்துக்கொண்டு கழித்துவிட வேண்டும்.

சாதாரண பேன்ட்டுக்கு முடிவு எப்போது என்பதற்கு என் அளவுகோல் இது. ஒட்டைத் தாங்கும் துணி சுற்றிலும் இருக்கும்வரை பேன்ட் உயிரோடு இருக்கிறது. ஒட்டின் ஓரத்தில் புதிதாகக் கிழிந்தால், ஒட்டு பலமாகவும் துணி பலவீனமாகவும் ஆகிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு முறை பெரிதாக ஒட்டலாம். மூன்றாவது முறை கேட்டால் நான் காசு வாங்கமாட்டேன், புதுசு வாங்கச் சொல்லிவிடுவேன். தையல் விட்டதும், ஜிப் போனதும், லூப் அறுந்ததும் முடிவே இல்லை. வாங்கிய சில வாரத்தில் தையல் விட்டால் அது தேய்மானம் ஆகாது, தயாரிப்புக் குறை. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

இப்போது உங்கள் விஷயம். இரண்டு மடங்கு விலைப் பேன்ட்டில் முட்டி இரட்டைத் துணியா, அல்லது நைலான் ஒட்டா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் துணி மட்டும் கொஞ்சம் தடிமன் என்றால் வாங்க வேண்டாம். முட்டியில் 140 நாளை அது தாண்டுவது சந்தேகம். இருந்தால் வாங்கலாம், ஆனால் 312 நாள் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். பேன்ட்டுக்கு மேலே பட்டியால் கட்டிக்கொள்ளும் நல்ல முட்டிப் பட்டை ஒன்று வாங்கினீர்களென்றால், தேய்மானம் முழுவதும் அந்தப் பட்டைமேல் போகும். இப்போதைய சாதாப் பேன்ட்டே முட்டியில் சாகாது, வேறெங்காவது சாக வெகுநாள் ஆகும். பேன்ட்டின் முட்டிப் பைக்குள் வைக்கும் பேட் எடுத்தால், போட்டுக்கொண்டு மண்டியிட்டுப் பாருங்கள். பேட் எலும்புக்குக் கீழே நழுவினால் அந்தப் பேன்ட் உங்கள் காலுக்கு ஆகாது. இந்த இரண்டில் பட்டைக்குத்தான் என் ஓட்டு, முழங்கால் மூட்டையும் அது காப்பாற்றும்.

மிச்சமுள்ள இரண்டு பேன்ட்டும் நன்றாக இருப்பதாகச் சொன்னீர்கள். மூன்றும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அளவு உழைத்தவை. இன்றைக்கே ஒவ்வொன்றின் முட்டியையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், சல்லடை தெரியும் என்று நினைக்கிறேன். துளை விழுவதற்குமுன் போடும் ஒட்டுக்குத்தான் ஆயுள். ஒட்டு உள்பக்கம் இருக்கட்டும், தேய்ந்த இடத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் மூன்று விரல் அகலம் போகட்டும், மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், பாவு நூல் ஓடும் திசை பேன்ட்டோடு ஒத்துப்போகட்டும். காலின் இரண்டு பக்கத் தையலில் பூட்டு மடிப்பு இல்லாத பக்கத்தைப் பிரித்துக்கொண்டால் மெஷினில் சுலபமாகப் போகும். சுற்றித் தைத்தபிறகு தேய்ந்த இடத்தின்மேல் முன்னும் பின்னுமாக நெருக்கமாகப் பல வரி ஓட்டுங்கள். ஒட்டுக்குத் துணி தேடிக் கடைக்குப் போகவேண்டாம். கிழிந்த பேன்ட்டின் பின்பக்கம், கெண்டைக்கால் பகுதியை வெட்டி எடுங்கள். எட்டு மாதத்தில் அங்கே எதுவுமே பட்டிருக்காது. சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த, அதே நிறம், அதே எடைத் துணி. இரண்டு காலிலிருந்தும் எடுத்தால் நாலு முட்டிக்கும் வரும்.